தங்கக் கிலுகிலுப்பை

புத்தாண்டுக் காலை ஆராதனையில் போதகர் ஆளுக்கொரு தீர்மானம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். சபையில் பெரும்பாலோர் சர்க்கரையை விட்டார்கள். சிலர் சீரியலை விட்டார்கள். பாடகர் குழுவின் ஜெபராஜ் கோபத்தை விட்டுவிட்டதாக அறிவித்தார். வெளியே வந்ததும் தன் பைக்கை மறித்து நின்ற காரைப் பார்த்து அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். தனசிங் மட்டும் எதையும் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்த வருஷம் விருது வாங்கின குழந்தைப் புத்தகங்களா பார்த்து, ஒண்ணு விடாம படிச்சிடறேன்" என்று பொருத்தனை பண்ணினார்.

சேலையூரில் குடியிருப்பவர் அவர். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டயர் கடைக்குக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை கதைப் புத்தகம் என்று ஒன்றையும் கையால் தொட்டதில்லை. அப்படிப்பட்டவர் இப்படிப் பொருத்தனை பண்ணியதற்குக் காரணம், பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி கெசியா.

கெசியா வாழ்நாள் முழுக்க யூ.கே.ஜி. டீச்சர். போன தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் பேச்சும் ஒன்றாகப் போயின. கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. சொற்கள் வரவில்லை. பசித்தாலும் "ம்", வலித்தாலும் "ம்", ஓமானிலிருந்து மகன் போனில் அழைத்தாலும் "ம்".

குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த அனுப்பிரியா என்ற பெண், தினமும் சாயங்காலம் சின்னச் சின்ன வாக்கியமாக உள்ள கதைகளைப் படித்துக் காட்டச் சொன்னாள். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும் கதையாக இருந்தால் இன்னும் நல்லது என்றாள். "கடைசி வார்த்தையை மட்டும் நீங்க சொல்லாதீங்க அங்கிள். நிறுத்திட்டு ஆன்ட்டி முகத்தைப் பாருங்க. அவங்க சொல்லட்டும். முதல் வருஷம்தான் முக்கியம். அதுக்குள்ள வந்தா வந்துடும்."

தனசிங் முதலில் பைபிளிலிருந்து சங்கீதங்களைப் படித்தார். கெசியாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அழ வைக்காதீர்கள், சிரிக்க வையுங்கள் என்றாள் அனுப்பிரியா. தாம்பரம் ஸ்டேஷன் கடையில் சில கதைப் புத்தகங்கள் வாங்கி வந்தார். ஒவ்வொன்றிலும் பேராசை பிடித்த ஒரு பிராணி கடைசிப் பக்கத்தில் செத்துப்போனது. கீழே தடித்த எழுத்தில் நீதி. கெசியா அவற்றை இடது கையால் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். பிள்ளைகளுக்குக் கண்டதைச் சொல்லக் கூடாது என்று பள்ளிக்கூட நிர்வாகத்தோடு சண்டை போட்டவள் அவள். நல்ல கதை எது என்று தனசிங்குக்குத் தெரியாது. ஆனால் தெரிந்தவர்கள் எங்காவது உட்கார்ந்து, படித்துப் பார்த்து, இதுதான் நல்லது என்று விருது கொடுத்திருப்பார்கள் அல்லவா? அவர்களை நம்பலாம் என்று நினைத்தார். மனுஷர்களை நம்புவது அவருக்குப் பழக்கம்.

புத்தகக் கடைக்காரர் கையை விரித்தார். விருது வாங்கின புத்தகம் கடைக்கு வராது, விழாவுக்குத்தான் போகும் என்று சொல்லி, சண்முகம் சாலையில் ஒரு பாத்திரக் கடையின் மாடிக்கு வழி காட்டினார். அங்கேதான் 'தென்புறநகர்ச் சிறுவர் இலக்கியப் பேரவை' இருந்தது. ஆண்டுதோறும் சிறந்த சிறுவர் நூலுக்குத் 'தங்கக் கிலுகிலுப்பை' விருது வழங்கும் அமைப்பு அது.

மாடி அறையில் மிச்சமான கேடயங்கள், சுருட்டி வைத்த பேனர்கள், விழா ஆல்பங்கள். மூலையில் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் பளபளக்கும் காகிதம் சுற்றி ரிப்பன் கட்டிய பொட்டலங்கள். செயலாளர் வெற்றிவேல் எழுந்து கை குலுக்கினார். வந்தவர் எழுத்தாளரா, நன்கொடையாளரா, தலைமை விருந்தினரா என்று விசாரித்தார். படிக்க வந்தவர் என்று தெரிந்ததும் மெதுவாக உட்கார்ந்தார்.

"படிக்கவா? அதாவது, உள்ளே இருக்கிறதையா?"

"ஆமாங்க சார்."

வெற்றிவேல் விதிகளை எடுத்துச் சொன்னார். விருது நூல்களைக் குழந்தைகள் தொடக் கூடாது, அழுக்காகும். பெரியவர்களுக்குக் கொடுக்க முடியாது. அவை பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை அல்ல. இவ்விரண்டு வகையிலும் சேராதவர் யாராவது வந்தால் தருவதில் பேரவைக்கு எந்தத் தடையும் இல்லை.

நடுவர்கள் படித்திருப்பார்களே, அவர்களிடமாவது ஒரு பிரதி இருக்குமா என்று தனசிங் தயங்கிக் கேட்டார். வெற்றிவேலின் முகத்தில் முதன்முறையாகப் பெருமிதம் தெரிந்தது. "சார், நம்ம நடுவருங்க ஒருத்தர் கூடப் படிச்சதில்ல. படிச்சா என்ன ஆகும்? ஒரு புக்கு புடிச்சிடும், இன்னொண்ணு புடிக்காம போயிடும். அப்புறம் நடுநிலைமை எங்க இருந்து வரும்? அணிந்துரையை மட்டும் பார்ப்பாங்க. யார் எழுதியிருக்காங்கன்னு பார்ப்பாங்க. அதோட சரி."

அலமாரிச் சாவி தலைவரிடம் இருந்தது. தலைவர் துரைராஜ் பெருங்களத்தூரில் தன்னுடைய கல்யாண மண்டபத்தில் இருந்தார். மூன்று தலைமுறையாக வயல் வைத்திருந்த குடும்பம்; இப்போது அந்த வயல்களில் அடுக்குமாடிகள் விளைகின்றன. 'மழலைச் செம்மல்' என்ற பட்டத்தைப் பேரவை அவருக்கு அளித்திருந்தது. அளிக்கும் முடிவில் அவரே கையெழுத்திட்டிருந்தார்.

தனசிங் கெசியாவைப் பற்றியும், ஒரு வருஷக் கெடுவைப் பற்றியும், கடைசி வார்த்தையைப் பற்றியும் சொன்னார். துரைராஜ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"அருமை. ஆனா இதை நீங்க தனியா வெச்சுக்கக் கூடாது. ஒரு மனுஷன் வூட்டுக்குள்ள உக்காந்து சத்தமில்லாம ஒரு இலட்சியத்தை வெச்சுக்கினா, அது எப்படி இலட்சியம் ஆகும்? தொடக்க விழா இல்லாம எதுவும் தொடங்காது சார்."

அப்படியாகத் 'தனிமனித வாசிப்பு இலட்சியத் திட்டம்' பிறந்தது. அதன் முதல் பயனாளி தனசிங். பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில், தென்மாவட்டம் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி பேனர் வைத்தார்கள். அதில் துரைராஜ் கை கூப்பியிருந்தார். அவர் காலடியில், ஆதார் அட்டைப் படத்திலிருந்து வெட்டியெடுத்த தனசிங் திடுக்கிட்டுப்போய் நின்றார். கீழே, 'படிக்கவிருக்கும் பெருந்தகையே வருக!'

தொடக்க விழாவில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் என்பது பேரவையின் முற்போக்கான கொள்கை. ஆகவே மேடையில் இருந்த ஒவ்வொருவருக்கும் பளபளப்புப் பொட்டலம் ஒன்று வழங்கப்பட்டது. தனசிங்கின் கைக்கும் ஒன்று வந்தது. உள்ளே பக்கங்கள் இருப்பது விரலுக்குத் தெரிந்தது. மனதுக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு அவர் அதை நெஞ்சோடு அணைத்தார். கேமரா மின்னியது. வெற்றிவேல் பக்கத்தில் வந்து, குழந்தையிடமிருந்து கத்தரிக்கோலை வாங்குவதுபோல் பொட்டலத்தை மெதுவாக உருவிக்கொண்டார்.

"போட்டோ முடிஞ்சிடுச்சு சார். அடுத்தவருக்குக் கொடுக்கணும்."

அப்போதுதான் தனசிங் கவனித்தார். அவருக்கு முன்னால் மாவட்டத் தலைவர் ஒருவருக்குக் கொடுத்ததும் அதே பொட்டலம். அவருக்குப் பின்னால் நகைக்கடை அதிபருக்குக் கொடுத்ததும் அதே பொட்டலம். வாங்குகிறவர் தூக்கிக் காட்டுவார், சிரிப்பார், பக்கவாட்டு மேசையில் வைப்பார். யாரும் பிரிப்பதில்லை. பிரிப்பது மரியாதை இல்லை.

அன்று வீட்டுக்கு வெறுங்கையோடு திரும்பியவர், கெசியாவுக்கு விழா அழைப்பிதழைப் படித்துக் காட்டினார். 'தலைமை தாங்கி' என்று நிறுத்திப் பார்த்தார். கெசியா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெயில் காலம் வந்தது. பேரவை காலாண்டு முன்னேற்ற அறிக்கை கேட்டு ஒரு படிவம் அனுப்பியது. எத்தனை பக்கம் படித்தீர்கள் என்றும், படித்தபின் அடைந்தது நெகிழ்ச்சியா, பெருநெகிழ்ச்சியா என்றும் அதில் கேட்டிருந்தது. புத்தகம் இன்னும் கிடைக்கவில்லை என்று தனசிங் உண்மையை எழுதி அனுப்பினார். 'இனி நேர்மறையாக எழுதவும்' என்று சிவப்பு மையில் குறிப்போடு அது திரும்பி வந்தது. அடுத்து ஆய்வுக் கூட்டம். அதில் தனசிங்கின் இலட்சியம் எதிர்பார்த்ததைவிட வேகமாக நிறைவேறி வருவதாகத் தீர்மானம் போட்டார்கள். அவர் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தபோது மிக்சரும் டீயும் வந்துவிட்டன.

சபையில் ஜனங்கள் அவரைப் பார்த்து, "பேனர்ல பார்த்தோம் அண்ணா, பெரிய ஆளாயிட்டீங்க" என்று கை கொடுத்தார்கள். பயிற்சி அறையில் அனுப்பிரியா நாள்காட்டியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அந்த மாதங்களில் கெசியாவின் முகத்தில் ஏதாவது அசைவைக் கொண்டுவந்தவன் ஆட்டோக்காரன் கிட்டு ஒருவன்தான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவன். வழியில் எதிரே வரும் பஸ்களோடு அவன் பேசிக்கொண்டே ஓட்டுவான். "இன்னாம்மா, இந்தப் பஸ்ஸு இம்மாம் பெருசா கீது, உனக்கு மூள கீதான்னு கேக்கட்டா?" என்பான். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் "டீச்சரம்மா, புடிச்சிக்கோங்கோ" என்று முன்கூட்டியே சொல்வான். அதற்கு யாரும் அவனுக்குக் கேடயம் கொடுக்கவில்லை.

தீபாவளி நெருங்கியது. அனுப்பிரியா சொன்ன வருஷம் முடியப்போகிறது என்பது தனசிங்குக்கும் தெரியும், கெசியாவுக்கும் தெரியும். அப்போது வெற்றிவேல் போன் செய்தார். இலட்சிய நிறைவு விழா வைத்திருக்கிறார்கள். தனசிங்குக்கு 'வாசிப்புச் சிகரம்' பட்டம். குடும்பத்தோடு வர வேண்டும்.

"சார், நான் இன்னும் ஒரு பக்கம் கூடப் படிக்கலையே சார்."

"அதனாலென்ன சார்? மண்டபம் புக் பண்ணியாச்சு."

பெருங்களத்தூர் மண்டபத்தில் அன்று நல்ல கூட்டம். பழைய விருதாளர்கள் அரங்கை நிரப்ப அழைக்கப்பட்டிருந்தார்கள். கெசியாவின் சக்கர நாற்காலியை முதல் வரிசை ஓரத்தில் நிறுத்திவிட்டு, கிட்டு பின்னால் சுவரோரமாக நின்றுகொண்டான். தனசிங்கை மேடையில் நடுநாயகமாக உட்கார வைத்தார்கள்.

துரைராஜ் பேசினார். "எங்க நிலத்துல ஒரு காலத்துல நாத்து நட்டோம். இப்ப பில்டிங் நட்டிருக்கோம். அடுத்து பிஞ்சு உள்ளங்கள்ல புத்தகத்தை நடப்போறோம். ஒண்ணு சொல்றேன், குறிச்சிக்கோங்க. இந்தப் பேரவை தொடங்கின நாள்ல இருந்து ஒரு குழந்தையைக் கூட உள்ள விட்டதில்லை. அவ்வளவு கட்டுப்பாடு! குழந்தைங்க ஏன் படிக்கலைங்கிறாங்க. நாம கொடுக்கிற விருது பத்தலை. அதான் காரணம்."

கைதட்டல். பிறகு மூத்த நடுவர் எழுந்தார். தங்கக் கிலுகிலுப்பை பெற்ற எந்த நூலையும் தான் இன்றுவரை திறந்ததில்லை என்பதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடியும் என்றார். நெஞ்சை நிமிர்த்தியும் காட்டினார்.

அந்த நேரத்தில்தான் பொட்டலம் தனசிங்கின் மடிக்கு வந்திருந்தது. போட்டோ எடுக்கிறவர் பேட்டரி மாற்றப் போயிருந்ததால் வெற்றிவேலும் வரவில்லை. தனசிங் கீழே கெசியாவைப் பார்த்தார். அவள் தன் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேரவையின் வரலாற்றில் யாரும் செய்யாத காரியத்தை அவர் செய்யத் தொடங்கினார். ரிப்பனை அவிழ்த்தார்.

சிவப்புக் காகிதத்தைப் பிரித்தார். உள்ளே பச்சைக் காகிதம். அதன்மேல் ஒரு முன்னாள் தலைமை விருந்தினரின் பெயர் ஒட்டியிருந்தது. பச்சையைப் பிரித்தார். உள்ளே வெள்ளி, அதில் இன்னொருவர் பெயர். ஒவ்வொரு விழாவுக்கும் பழைய காகிதத்தின் மேலேயே புதியதைச் சுற்றியிருந்தார்கள். டேப் பிய்கிற சத்தம் மைக்கில் விழுந்து அரங்கம் முழுக்கக் கேட்டது. வெற்றிவேல் மேடையின் மறுகோடியிலிருந்து சைகை காட்டினார். அது நல்வாழ்த்து என்று தனசிங் எடுத்துக்கொண்டார். கடைசியாக வெங்காயத்தின் குருத்து போல ஒரு மெல்லிய புத்தகம் வெளியே வந்தது. அட்டையில் ஒரு பூரான். 'பூரானின் ஒற்றைச் செருப்பு', நாகலக்ஷ்மி என்று போட்டிருந்தது.

பின்வரிசையில் பொழிச்சலூர்க் கணக்கு டீச்சர் ஒருத்தி வாயைக் கையால் பொத்திக்கொண்டு எழுந்து நின்றதை யாரும் பார்க்கவில்லை.

ஏற்புரைக்கு அழைத்தார்கள். தனசிங்குக்கு மேடைப் பேச்சு தெரியாது. மைக் முன்னால் நின்றதும், தினமும் சாயங்காலம் என்ன செய்வாரோ அதைச் செய்தார். புத்தகத்தைத் திறந்து, கெசியாவைப் பார்த்துப் படித்தார்.

"ஒரு ஊர்ல ஒரு பூரான். அதுக்கு நிறையக் கால். காலுக்கெல்லாம் செருப்பு. ஒரு நாள் எழுந்து பார்த்தா ஒரு செருப்பைக் காணோம். பூரான் நத்தைகிட்டப் போய்க் கேட்டுச்சு: காலுக்குக் காலு செருப்பு, கடைசிக் காலுக்கு எங்கே செருப்பு?"

நத்தை, தனக்குக் காலே இல்லை, வீடுதான் இருக்கிறது என்றது. பூரான் தவளையிடம் போய்க் கேட்டது. காலுக்குக் காலு செருப்பு, கடைசிக் காலுக்கு எங்கே செருப்பு? தவளை, தான் குதிக்கிற குதிக்குச் செருப்பு தங்காது என்றது. கெசியா தலையை நிமிர்த்தியிருந்தாள். பூரான் ஓணானிடம் போனது.

"காலுக்குக் காலு செருப்பு, கடைசிக் காலுக்கு எங்கே..."

தனசிங் நிறுத்தினார்.

மைக் போய்விட்டது என்று மைக் செட்காரர் ஓடி வந்து தட்டிப் பார்த்தார். மைக் நன்றாக இருந்தது. மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும். மேடையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தனசிங் அசையவில்லை. காத்திருப்பதில் அவருக்கு ஒரு வருஷப் பழக்கம்.

முதல் வரிசையில் கெசியாவின் உதடுகள் கோணின. கழுத்து நரம்பு புடைத்தது.

"செ... செருப்பு."

மேடையை நேராகப் பார்த்து, ஒரு பெண் குரல், தெளிவாக. துரைராஜ் தன்னையறியாமல் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மூத்த நடுவர் குனிந்தார்.

தனசிங்குக்கு எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. அந்த வரியை மறுபடி சொல்லி நிறுத்தினார். இந்த முறை கெசியா காக்க வைக்கவில்லை. "செருப்பு!" சுவரோரமிருந்து கிட்டு விசில் அடித்தான்.

தலைவர் கண்ணைக் காட்டினார். வெற்றிவேல் ஓடி வந்து புத்தகத்தைப் பிடுங்கினார். "சார், இது மேடைப் பிரதி சார். மேடைக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்." யாரோ புத்திசாலித்தனமாக நாட்டுப்பண்ணைப் போட்டுவிட்டார்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். விழா இனிதே நிறைவுற்றது.

அந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேரவையின் ஆண்டறிக்கையில் இரண்டே வரிகள் இருக்கின்றன. தனிமனித வாசிப்பு இலட்சியம் முழுமையாக நிறைவேறியது. மேடையில் நூல் சேதமடைவதைத் தவிர்க்க, இனி பொட்டலங்களுக்குள் அதே அளவில் மரக்கட்டை வைக்கப்படும்.

அறிக்கையில் இல்லாதது இது.

கிட்டு கெசியாவைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்து, சக்கர நாற்காலியை மடித்துப் பின்னால் கட்டினான். "இன்னா சார் இது, ஒரு பொட்டலத்த பிரிச்சதுக்கா இம்மாம் பேஜாரு? வுடு சார். டீச்சரம்மா பேசிட்டாங்கோ. அது போதும்."

தனசிங் பக்கத்தில் உட்கார்ந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் நிறுத்தவுமில்லை, எதையும் எடுத்துக் கொடுக்கவுமில்லை. அவளாகவே சொன்னாள்.

"அப்... அப்புறம்?"

தனசிங்குக்கு அப்புறம் தெரியாது. ஓணானுக்கு மேல் அவர் படிக்கவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ தடவை தெரியாது என்று சொல்லியிருக்கிறார். இப்போது அந்தச் சொல் அவருக்கு வரவில்லை.

மூச்சிரைக்க ஒரு பெண் ஆட்டோவின் கம்பியைப் பிடித்தாள். தோளில் பை, கலைந்த தலை. "சார், நான் நாகலக்ஷ்மி. அந்தக் கதை என்னுதுதான். என்கிட்டயும் புக்கு இல்ல சார், எல்லாத்தையும் விருதுக்குன்னு வாங்கிட்டாங்க. ஆனா கதை இருக்கு. அம்மாவுக்கு நான் சொல்லட்டுமா?"

பொழிச்சலூருக்கு இருட்டுமுன் போக வேண்டியவள், கெசியாவின் அந்தப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் தீபாவளிக்கு ஊருக்குப் போகிற கூட்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடைத்துக்கொண்டிருந்தது. "சிக்னல் வரைக்கும் நின்னுகினு கீது சார், இப்போதிக்கு நகராது" என்று கிட்டு எஞ்சினை அணைத்தான். அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தான். அவனுக்கும் அப்புறம் தெரிய வேண்டியிருந்தது.

நாகலக்ஷ்மி சொன்னாள். ஓணானும் பார்க்கவில்லை என்றதாம். பூரான் ஊரெல்லாம் தேடிக் களைத்துக் கடைசியில் தன் வீட்டு வாசலுக்கே வந்ததாம். அங்கே ஒரு இலைக்கு அடியில் கிடந்ததாம் அந்தச் செருப்பு. ஆனால் அதற்குள்ளே ஒரு எறும்பு, நாளெல்லாம் சுமை தூக்கிய களைப்பில் சுருண்டு படுத்திருந்ததாம். பூரான் குனிந்து பார்த்ததாம். எழுப்பவில்லையாம். செருப்பில்லாத அந்த ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, மற்ற கால்களால் சத்தமில்லாமல்...

பின்னால் நின்ற பஸ், எல்லாரையும் தூக்கிவாரிப் போடுகிற மாதிரி ஹாரன் அடித்தது.

கெசியா டீச்சர் திரும்பினாள். சரியாக வராத வலது கையை மெல்ல உயர்த்தி, விரலை உதட்டில் வைத்து, அந்தப் பஸ்ஸை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஷ்ஷ்... தூங்குது."